தேயிலை கொய்யும் இயந்திரம்: பெரியதா, பொருத்தமானதா?

மாணவர்களே, தேயிலைப் பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் கூடையைச் சுமந்த ஒரு பெண், விரல் நுனியால் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருப்பார். ஆனால் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தோட்டத்தின் பக்கம் இன்று போனால், நீங்கள் முதலில் கேட்பது இன்ஜின் சத்தமாக இருக்கலாம். ஒரு தேயிலை வரிசையின் இரு பக்கமும் இருவர் நின்று, நீளமான ஓர் இயந்திரத்தைப் பிடித்தபடி நடப்பார்கள். அது செடிகளின் தலையைச் சீவிக்கொண்டே போகும். பின்னால் ஒரு பெரிய துணிப்பை காற்றில் உப்பியபடி இழுபட்டு வரும்.

இந்த வாரம் அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம். அது எப்படி வேலை செய்கிறது, ஒரு மலைத்தோட்டத்துக்கு எப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பல ஆண்டுகள் உழைக்க அதை எப்படிப் பேண வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவோம். தேயிலையைப் பற்றி எனக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தாமானில் புல் வெட்டுபவர் தோளில் மாட்டியிருக்கும் இயந்திரத்திலும் பெரும்பாலும் இதே வகை இன்ஜின்தான் இருக்கிறது. இங்கே சொல்லும் பராமரிப்பில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

கத்தரியும் காற்றும்

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. போ தேயிலை நிறுவனத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கினார். அக்காலத்தில் கொழுந்தை எடுத்தவை கைவிரல்கள். மலைச்சரிவில் காட்டை அழித்துத் தேயிலையை நட்டு வளர்த்தவர்களில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரும் இருந்தார்கள். பின்னர் பை பொருத்திய கைக்கத்தரி வந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் இன்ஜின் பொருத்திய கொய்யும் இயந்திரம். தோட்டங்களில் ஆள் கிடைப்பது குறையக் குறைய, இயந்திரத்தின் தேவை கூடியது. இப்போது அதைப் பிடித்து நடப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

இந்த இயந்திரத்தில் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன. முதலாவது வெட்டும் அலகு. சீப்புப் போன்ற பற்கள் கொண்ட இரண்டு அலகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இன்ஜின் ஓடும்போது அவை இடவலமாக அசையும். முடிதிருத்தும் கடையில் பார்க்கும் மின்கத்தரியும் இதே முறையில்தான் வெட்டுகிறது. இரண்டாவது பகுதி காற்றாடி. வெட்டுப்பட்ட கொழுந்து செடியின் மேலேயே விழுந்தால் பயனில்லை. ஆகவே, காற்றாடி எழுப்பும் காற்று ஒரு குழாய் வழியாகப் போய், பல சிறு துளைகளின் மூலம் அலகின்மேல் வீசுகிறது. அந்த வேகத்தில் கொழுந்து பின்னால் பறந்து பைக்குள் விழுகிறது. மூன்றாவது பகுதி, இவ்விரண்டையும் இயக்கும் இன்ஜின்.

இதற்குக் குளிர்நாட்டில் ஓர் உறவினர் உண்டு. கனடாவில் வாழும் நம் தமிழர்கள் குளிர்காலத்தில் வீட்டு வாசலில் குவியும் பனியை ஒதுக்கப் பயன்படுத்தும் பனி வீசும் இயந்திரம்தான் அது. முன்னால் சுழலும் திருகு பனியை அள்ளும். உள்ளே சுழலும் காற்றாடி போன்ற சக்கரம் அதை ஒரு குழாய் வழியாகத் தூர எறியும். டொரொண்டோவைச் சேர்ந்த ஜே.டபிள்யூ. எலியட் என்ற பல் மருத்துவர், ரயில் பாதைப் பனியை அகற்றச் சுழலும் இயந்திரம் ஒன்றை 1869-இல் வடிவமைத்தார். கியூபெக் மாநிலத்தின் ஆர்தர் சிகார்ட் 1925-இல் சாலைப் பனியை வீசும் இயந்திரத்தை உருவாக்கினார். ஒன்று பனியை வீசுகிறது, மற்றொன்று கொழுந்தை வீசுகிறது. இரண்டையும் வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறும் ஒன்றுதான்: பெரிய இன்ஜினாகப் பார்த்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பது. அது ஏன் போதாது என்பதை இனிப் பார்ப்போம்.

மலைக்காற்றில் இன்ஜின்

பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட வளிமண்டல அழுத்தம் குறையும் என்று படித்திருக்கிறீர்கள். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 1,013 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் அழுத்தம், 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 845 ஹெக்டோபாஸ்கலாகிவிடுகிறது. அதாவது சுமார் 17 விழுக்காடு குறைவு.

இன்ஜினுக்கு இதனால் என்ன? பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் ஒரே கன அளவு காற்றைத்தான் உள்ளே இழுக்கும். காற்று மெல்லியதாக இருந்தால், அதே கன அளவில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். எரியும் எரிபொருளும் குறையும். ஆகவே திறனும் குறையும்.

மலையின் குளிர் இதில் சிறிது கைகொடுக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. கடலோரத்தில் 30 பாகை செல்சியஸ், பிரிஞ்சாங்கில் 18 பாகை என்று வைத்துக் கணக்கிட்டால், காற்றின் அடர்த்தி சுமார் 13 விழுக்காடு மட்டுமே குறைகிறது. கடலோரத்தில் 2 குதிரைத்திறன் தரும் இன்ஜின், மலையில் ஏறத்தாழ 1.7 குதிரைத்திறன்தான் தரும். கடைப்பட்டியலில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

சரி, இன்னும் பெரிய இன்ஜினாக வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் அதன் எடையைச் சுமப்பவர் யார்? இருவர் பிடிக்கும் இயந்திரம் சாதாரணமாகவே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். எரிபொருளும் பையில் சேரும் கொழுந்தும் தனி. கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும், சரிவில் நாள் முழுவதும் நடப்பவரின் தோளிலும் இடுப்பிலும்தான் இறங்குகிறது. மழையில் நனைந்த சரிவில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: சரிவு எவ்வளவு? இருவர் பிடிக்கும் இயந்திரத்துக்கு, இருவரும் நிமிர்ந்து நடக்கக்கூடிய இடம் வேண்டும். ஒருவர் மேலேயும் மற்றவர் மிகவும் கீழேயும் நிற்க வேண்டியிருந்தால் இயந்திரம் சாயும், கொய்யும் மட்டம் கோணலாகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பிடிக்கும் சிறிய இயந்திரம் நல்லது. இன்னும் செங்குத்தான இடங்களுக்குக் கைக்கத்தரிதான் ஏற்றது. பழையது என்பதால் கத்தரியைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. ஒரே தோட்டத்தில் மூன்றுக்கும் வேலை இருக்கும்.

இரண்டாவது கேள்வி: செடியின் தலை எந்த வடிவம்? தட்டையாக வெட்டிப் பழக்கிய செடிகளுக்கு நேரான அலகு வேண்டும். வில் போல வளைந்த தலையுடைய செடிகளுக்கு வளைந்த அலகு வேண்டும். இதை மாற்றிப் பிடித்தால் நடுவில் முற்றிய இலையும் வெட்டுப்படும், ஓரங்களில் நல்ல கொழுந்து தப்பிவிடும். இயந்திரத்துக்குக் கண் இல்லை. கைவிரல் "இரண்டு இலை, ஒரு மொட்டு" என்று பார்த்துக் கிள்ளும். அலகு தன் வழியில் வருவதையெல்லாம் வெட்டும். ஆகவே செடியின் மேல்மட்டம் சீராக இருப்பதும், ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொய்வதும் இயந்திரக் கொய்தலில் மிக முக்கியம்.

மூன்றாவது கேள்வி: எந்த வகை இன்ஜின்? இந்த இயந்திரங்களில் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக், அதாவது இருவீச்சு இன்ஜின்தான் இருக்கும். ஒருவர் பிடிப்பதில் ஏறத்தாழ 25 சிசி, இருவர் பிடிப்பதில் ஏறத்தாழ 50 சிசி அளவில் இருக்கும். நம் ஊர் கப்சாய் மோட்டார் சைக்கிளின் 110 சிசியுடன் ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது என்று புரியும். நான்குவீச்சு இன்ஜினில் எண்ணெய் அடித்தொட்டியில் தேங்கி நிற்கும். இயந்திரத்தை அதிகம் சாய்த்தால் அந்த எண்ணெய் இடம் மாறிவிடும். சாதாரண இருவீச்சு இன்ஜினுக்கு அடித்தொட்டியே கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அதன் உறுப்புகளுக்கு வழுவழுப்புத் தருகிறது. எனவே எப்படிச் சாய்த்தாலும் ஓடும். எடையும் குறைவு. ஆனால் புகையும் சத்தமும் அதிகம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும் சிறு நான்குவீச்சு இன்ஜின்களும் இப்போது கிடைக்கின்றன.

நான்காவது கேள்வி: மின்கலத்தில் ஓடுவதை வாங்கலாமா? புகை இல்லை, சத்தம் குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. சிறிய இன்ஜின் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டாலும் 2 கிலோவாட் மணி கிடைக்கிறது. ஒரு கிலோ லித்தியம் மின்கலத் தொகுதியில் இருப்பது ஏறத்தாழ 0.2 கிலோவாட் மணிதான். மோட்டார் அதில் பெரும்பகுதியை வேலையாக்கும் என்றாலும், ஒரே எடைக்குப் பெட்ரோல் பத்து மடங்குக்கு மேல் வேலை தருகிறது. சிறு தோட்டத்துக்கும், மின்கலத்தை மாற்றி மாற்றி மின்னேற்ற வசதி உள்ள இடத்துக்கும் மின் இயந்திரம் நல்ல தேர்வு. சாலையிலிருந்து தொலைவில் உள்ள சரிவில் நாள் முழுவதும் ஓட வேண்டுமென்றால், இப்போதைக்குப் பெட்ரோல் முந்துகிறது.

ஐந்தாவது கேள்வி: உதிரிப்பாகம் பக்கத்தில் கிடைக்குமா? அலகு, பிளக், காற்று வடிகட்டி, இழுகயிறு ஆகிய நான்கும் தேய்ந்து மாற்ற வேண்டியவை. ஒரு பாகத்துக்காக மலையிறங்கிப் போய்ப் பல நாள் காத்திருந்தால், அதற்குள் கொழுந்து முற்றிவிடும்.

எரிபொருள்: அளவு தவறினால் ஆபத்து

இருவீச்சு இன்ஜினின் முதல் விதி, வெறும் பெட்ரோலை ஊற்றக்கூடாது என்பது. 2டி எண்ணெய் எனப்படும் இருவீச்சு எண்ணெயைக் கலக்க வேண்டும். எந்த விகிதம் என்பதை இயந்திரத்தின் கையேடு சொல்லும். 25-க்கு 1, 50-க்கு 1 என்பவை பரவலான விகிதங்கள். 25-க்கு 1 என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். 50-க்கு 1 என்றால் 20 மில்லிலிட்டர்.

எண்ணெய் குறைந்தால் பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே உராய்வு கூடும். உராய்வு வெப்பத்தைத் தரும். வெப்பத்தில் அலுமினியப் பிஸ்டன் விரிந்து உருளைக்குள் இறுகிக்கொள்ளும். அதன்பின் இன்ஜினையே மாற்ற வேண்டிவரும். எண்ணெய் கூடினால் புகை கக்கும், பிளக்கில் கரி படியும், சைலன்சர் துளை அடைபடும். கண்ணால் பார்த்து "இவ்வளவு போதும்" என்று ஊற்றாமல், அளவுக் குப்பியைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசின் போலாகி, கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைக்கும். நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால், தொட்டியிலுள்ள எரிபொருளை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். அப்போது கார்புரேட்டரும் காலியாகிவிடும். கனடாவில் வசந்தம் வந்ததும் பனி இயந்திரத்தை மூலையில் வைக்கும் முன்பும் பெட்ரோலை இப்படிக் காலி செய்வது வழக்கம். அடுத்த குளிர்காலத்தில் இயந்திரம் கிளம்ப மறுத்தால், பழைய பெட்ரோல்தான் பல நேரங்களில் காரணமாக இருக்கும்.

பிளக் சொல்லும் செய்தி

கார்புரேட்டர் எப்படிப் பெட்ரோலைக் காற்றோடு கலக்கிறது? படிவம் 5 இயற்பியலில் வரும் பெர்னூலி கோட்பாடு இங்கே வேலை செய்கிறது. காற்று ஒடுங்கிய குழாய் வழியாக வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம், சிறு துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும்.

கடலோரத்தில் சரியாக அமைத்த கார்புரேட்டரை மலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? காற்றின் அடர்த்தி குறைந்துவிட்டது. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். இன்ஜின் திணறும், கரும்புகை வரும், எரிபொருள் வீணாகும். மலையில் ஓடும் இயந்திரத்தின் கார்புரேட்டரை மலையிலேயே சரிசெய்ய வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அதே நேரத்தில், பெட்ரோலை மிகவும் குறைத்துவிட்டால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். அந்தத் திருகைத் தொட வேண்டியவர் பழகிய மெக்கானிக்தான்.

கலவை சரியா என்பதை எப்படி அறிவது? இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். கறுப்பாகக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை, எண்ணெய் மிகை, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளிறி வெண்மையாக இருந்தால் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடாகிறது என்று பொருள். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போன்றதுதான் இது.

காற்று வடிகட்டியை மறந்துவிடக்கூடாது. உலர்ந்த இலைத்தூளும் மண்ணும் அதில் படிந்துகொண்டே இருக்கும். அடைபட்ட வடிகட்டியால் மலையில் ஏற்கெனவே குறைவான காற்று இன்னும் குறைகிறது. பஞ்சு வகை வடிகட்டியைச் சவர்க்கார நீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். இன்ஜினைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளையும் துலக்க வேண்டும். அவைதான் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துகின்றன. இடையில் இலை அடைத்துக்கொண்டால், கம்பளி போர்த்திக்கொண்டு ஓடுவதைப் போலாகிவிடும்.

மழுங்கிய அலகும் சிவந்த இலையும்

பராமரிப்பில் பலரும் இன்ஜினைக் கவனிப்பார்கள், அலகை மறந்துவிடுவார்கள். ஆனால் தேயிலையின் தரம் அலகில்தான் தொடங்குகிறது.

கூர்மையான அலகு காம்பை ஒரே வீச்சில் துண்டிக்கும். மழுங்கிய அலகு காம்பை நசுக்கிப் பிய்க்கும். நசுங்கிய இலையில் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பாலிபீனால்களும், பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் கலந்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர இலை சிவக்கத் தொடங்கும். நறுக்கிவைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே வகை வினைதான். கறுப்புத் தேநீருக்கு இந்த வினை தேவையானதே. ஆனால் அது தொழிற்சாலையில், உரிய நேரத்தில் நடக்க வேண்டும். பைக்குள்ளேயே நடந்துவிட்டால் சுவை கெடும். பையை அழுத்தி நிரப்புவதும் கூடாது. பறித்த இலையும் சுவாசிக்கிறது. சுவாசம் வெப்பத்தை வெளியிடுகிறது. இறுகிய குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் இலை சூடேறிச் சிவந்துவிடும்.

மழுங்கல் செடிக்கும் கேடு. பிய்ந்த காம்பில் புண் பெரிதாக இருக்கும். கேமரன் மலையின் ஈரத்தில் பூஞ்சை நுழைய அது வசதியான வாசல்.

நடையின் வேகமும் இதே விளைவைத் தரலாம். அலகு வினாடிக்கு 20 முறை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு அரை மீட்டர் நடந்தால், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே இயந்திரம் 2.5 சென்டிமீட்டர் நகர்கிறது. நடை இரு மடங்கானால் அது 5 சென்டிமீட்டராகிவிடும். இடைப்பட்ட காம்புகள் வெட்டுப்படாமல் வளைந்து பிய்யும். எவ்வளவு பெரிய இன்ஜின் வாங்கினாலும், அவசர நடைக்கு அது மருந்தாகாது.

வேலை முடிந்ததும் அலகில் ஒட்டியிருக்கும் சாற்றை நீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். தேயிலைச் சாற்றிலுள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கருநிறச் சேர்மத்தை உண்டாக்கும். ஈரம் தங்கினால் துருவும் பிடிக்கும். இரண்டு அலகுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கையேட்டில் சொன்னபடி வைக்க வேண்டும். அதிகமானால் காம்பு நடுவில் மடங்கிக்கொள்ளும். குறைவானால் உராய்ந்து சூடாகும். பற்சக்கரப் பெட்டிக்குக் கிரீஸ் இடுவதும் இதே பட்டியலில் சேரும்.

விரலும் காதும் உதிரிப்பாகம் அல்ல

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் அப்பாவோ மாமாவோ இத்தகைய இயந்திரம் பிடிப்பவராக இருந்தால், இந்தப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அலகில் தடித்த காம்பு சிக்கிக்கொள்கிறது. கொய்த எடைக்கேற்பக் கூலி கிடைக்கும் வேலையில், ஒவ்வொரு நிமிடமும் பணம். இன்ஜினை நிறுத்தாமலே கையால் எடுத்துவிடலாம் என்று தோன்றும். விபத்து நடப்பது அப்போதுதான். பனி வீசும் இயந்திரத்திலும் இதே கதைதான். குழாயில் அடைத்த பனியைக் கையால் தள்ளப் போய் விரலை இழந்தவர்கள் பலர். இன்ஜினை நிறுத்திய பிறகும் அங்கே ஆபத்து உண்டு. சிக்கிய சக்கரத்திலும் பட்டையிலும் இழுவிசை தேங்கி நிற்கும். அடைப்பு நீங்கியதும் சக்கரம் வெடுக்கென்று சுழலும்.

எனவே வரிசை இதுதான்: இன்ஜினை நிறுத்துங்கள். அலகு அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். பிளக்கின் தொப்பியைக் கழற்றுங்கள். பிறகு கையால் அல்ல, குச்சியால் அடைப்பை நீக்குங்கள். இருவர் பிடிக்கும் இயந்திரமென்றால், மற்றவரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகே கை வையுங்கள்.

மைய விலகு கிளட்ச் பொருத்திய இயந்திரத்தில் ஓர் எளிய சோதனையும் உண்டு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் விலகியிருக்கும், வேகம் கூடினால் அதன் எடைகள் வெளியே விரிந்து அலகோடு இணையும். விசையை விட்டபின்னும் அலகு அசைந்துகொண்டே இருந்தால், ஒன்று மெதுவோட்ட வேகம் மிகை, அல்லது கிளட்சின் சுருள்வில் தளர்ந்துவிட்டது. அந்த இயந்திரத்தை அன்று தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது காது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்கு எல்லை 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. ஆகவே தாங்கக்கூடிய நேரம் பாதியாகும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு ஒரே மணி நேரம். கையில் பிடிக்கும் இருவீச்சு இயந்திரங்கள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. காதுக் கவசத்தின் விலை அதன் முன் ஒன்றுமே இல்லை.

கைப்பிடியின் அதிர்வும் விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் காலப்போக்கில் பாதிக்கும். குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போவது அதன் அறிகுறி. மலையின் குளிர்ந்த காலைகளில் இது கூடுதலாகத் தெரியும். கைப்பிடியின் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுவதும், ஆள் மாற்றி ஆள் வேலை செய்வதும், கையுறை அணிவதும் உதவும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. சூடான இன்ஜினில் எரிபொருள் ஊற்றவும் கூடாது.

நினைவில் வைக்க ஓர் அட்டவணை

ஒவ்வொரு நாளும்: அலகைக் கழுவி எண்ணெய் பூசுதல், காற்று வடிகட்டியைத் தட்டித் துலக்குதல், திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்த்தல், பையில் கிழிசல் உள்ளதா என்று பார்த்தல்.

ஒவ்வொரு வாரமும்: பிளக்கின் நிறம் பார்த்தல், குளிர்விக்கும் தகட்டு மடிப்புகளைச் சுத்தம் செய்தல், காற்றுக்குழாயின் துளைகளில் அடைப்பு நீக்குதல், கிரீஸ் இடுதல்.

தேவைப்படும்போது: அலகைத் தீட்டுதல், சைலன்சரின் கரியை நீக்குதல், இழுகயிற்றையும் கைப்பிடி ரப்பரையும் மாற்றுதல்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் பால் சேர்க்காத கெட்டித் தேநீரை ஆறவைத்து ஊற்றுங்கள். துருப்பிடிக்கக்கூடிய இரும்பு நாரில் ஒரு சிறு துண்டை அதில் போட்டு, ஒரு நாள் விட்டுவையுங்கள். துருவேறாத எஃகு நார் இதற்கு உதவாது. வெறும் தேநீர் உள்ள இன்னொரு குவளையோடு நிறத்தை ஒப்பிடுங்கள். கழுவாமல் விட்ட அலகில் என்ன நடக்கிறது என்பது விளங்கும். சோதனைத் தேநீரைக் குடித்துவிடாதீர்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. ஓர் இயந்திரத்துக்கு 25-க்கு 1 விகிதம் வேண்டும். 5 லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லிலிட்டர் எண்ணெய்?

2. கடலோரத்தில் 3 குதிரைத்திறன் தரும் இன்ஜின், 13 விழுக்காடு திறனை இழந்தால் மலையில் எவ்வளவு தரும்?

3. ஓர் இயந்திரத்தின் இரைச்சல் 97 டெசிபல். காதுக் கவசம் இல்லாமல் ஒருவர் எவ்வளவு நேரம் அதைப் பிடிக்கலாம்?

விடைகள்: 1. 200 மில்லிலிட்டர். 2. ஏறத்தாழ 2.6 குதிரைத்திறன். 3. அரை மணி நேரம்.